சைலஸுக்கு நீச்சல் தெரியும்

கோஸ்போர்ட்,
13 மார்ச் 1808

அன்புத் தம்பி நேதனுக்கு,

உன் அண்ணி டார்கஸ் எழுதுகிறேன். இங்கே நான் நலம், வீடு நலம், என் கைகள் மட்டும் சலவைக்கூடத்துச் சோப்புக் காரத்தில் வெந்து கிடக்கின்றன. நீயும் உன் அண்ணனும் அந்த வெயில் நாட்டில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன்.

இதை வழக்கம்போல அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. அவர் சொல்வதை வழக்கம்போல நீ எழுது. அவர் ஐந்து வார்த்தை சொன்னால் நீ ஐம்பதாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியாதா? உனக்குக் கதை கட்டும் கை. ஆனாலும் அந்த ஐம்பதில் அவருடைய ஐந்து எது என்று கண்டுபிடித்துவிடுவேன்.

இப்போது சேதி. அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல். நான் முழுகாமல் இருக்கிறேன். கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் உண்டானது. அக்டோபரில் பிரசவம் என்று மருத்துவச்சி பூக் அம்மாள் சொல்கிறாள். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். முதல் குழந்தை, அப்பா செத்த சேதி வந்த வாரம் போனது. இரண்டாவது, உங்கள் பழைய கப்பல் மூழ்கிவிட்டது என்று எவனோ கிளப்பிவிட்ட பொய்யில் போனது. இரண்டும் பெயர்கூட இல்லாமல் தேவாலயத்து மண்ணில் கிடக்கின்றன. பூக் அம்மாள் என் மோவாயைப் பிடித்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னாள்: "இங்க பாரு டார்கஸ், இந்தத் தடவ எந்தக் கெட்ட சேதியும் உன் காதுல விழக்கூடாது. விழுந்துச்சுன்னா இதுவும் தங்காது. ஆமா."

எனவே நல்ல சேதியாக எழுதுங்கள். அவரை நீல நிறச் சட்டையைக் குளிர்காலத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளச் சொல். என் கல்யாணப் பாவாடையைக் கிழித்து, மஞ்சள் பூப்போட்ட துணியை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன், சும்மாவா? அந்த ஊரில் வாத்துகள் உண்டா என்றும் கேட்டு எழுது. பாய்மர உச்சியில் ஒற்றைக் காலில் நிற்கிற மனிதன் ஒரு வாத்தைக் கண்டால் ஓடுவதைப் பார்க்காமல் எனக்குப் பொழுது போகவில்லை.

உங்கள் இருவரையும் கடவுள் காக்கட்டும்.
டார்கஸ்

*

இங்கிலீஷ் ஹார்பர், ஆன்டிகுவா,
20 மே 1808

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நேதன் பணிவுடன் எழுதுவது. உங்கள் கடிதம் இந்த மாதத் தொடக்கத்தில் தபால் கப்பலில் வந்தது. சேதியைப் படித்து மகிழ்ந்தோம். பூக் அம்மாள் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கனமான வாளிகளைத் தூக்காதீர்கள்.

கடிதத்தை அன்றைக்கே அண்ணனுக்குச் சத்தமாகப் படித்தேன், ஒரு வரி விடாமல். கேட்டுவிட்டு எதுவும் பேசவில்லை. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

இனிமேல் அவர் உட்கார்ந்து சொல்ல, நான் எழுதுவது சிரமம். எங்களை வேறு வேறு வேலைக்குப் பிரித்துவிட்டார்கள். நான் பாய் தைக்கும் கிழவரிடம் உதவியாள். அண்ணனுக்குப் படகு வேலை. ஆகவே நான் பார்த்ததை நானே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் குவாடலூப் தீவின் ஒரு சின்ன வளைகுடாவில் பிரெஞ்சுக்காரன் கப்பல் ஒன்று பதுங்கியிருந்தது. மேலே குன்றில் பீரங்கிகள். காலை மூடுபனியில் எங்கள் நான்கு படகுகள் போயின. கப்பலைப் பிடித்தாகிவிட்டது, இழுத்து வர முடியவில்லை. நங்கூர வடம் நீருக்குள் பாறையில் சிக்கிக்கொண்டது. குன்றின் மேலிருந்து குண்டுகள் விழுகின்றன. எல்லோரும் திகைத்து நின்றபோது அண்ணன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தார். அடியில் போய் வடத்தை அறுத்து, அந்தப் பக்கமாக மேலே வந்து, அலையை எதிர்த்து நீந்தி, படகின் விளிம்பைப் பிடித்தார். நீந்துவது என்றால் சாதாரண நீச்சல் இல்லை அண்ணி, மீன் தோற்றது. கேப்டனே கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

சிலருக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எதற்கும் கவலைப்படக் கூடாது.

தங்கள் தம்பி,
நேதன் ஹோர்வுட்

*

கோஸ்போர்ட்,
17 ஜூலை 1808

அன்புள்ள நேதன்,

நலம். வயிறும் நலம், உள்ளே இருப்பது உதைக்கிற உதையில் உன் அண்ணன் பிள்ளைதான் என்று சந்தேகமில்லை. நீங்கள் இருவரும் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?

உன் கடிதம் இந்த ஊரில் என்ன பாடு படுத்தியது தெரியுமா! நான் அதைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டு போனேன். கொப்பரை கொதிக்கும் சத்தத்தில் கத்திக் கத்திப் படித்தேன். குன்றின் மேல் பீரங்கி என்றதும் துவைக்கிற கைகளெல்லாம் நின்றுபோயின. கத்தியைப் பல்லில் கடித்தார் என்றதும் ஒருத்தி ஓவென்று அழுதாள். மீன் தோற்றது என்ற இடத்தில்தான் வம்பு வந்தது. பெக் ஆலம் கிழவியை உனக்கு நினைவிருக்கும், கொப்பரையில் துணி கிளறுகிறவள். கம்பைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நிறுத்துடி. யாரு நீந்துனா?"

"சைலஸ்தான்."

"எந்த சைலஸ்? உன் புருஷனா? படகுத்துறையில கால் வழுக்கி விழுந்து கல்லு மாதிரி கீழ போனானே, அந்த சைலஸா? இதோ இந்தக் கம்பால சட்டைக் காலரைக் கோத்து இழுத்துப் போட்டது யாரு? நானு! நீந்துனானாம்ல."

"அங்க போய்க் கத்துக்கிட்டிருப்பாரு பெக்."

"கப்பல்காரன் எவன்டி நீச்சல் கத்துக்குவான்? மூழ்கறதுன்னா சட்டுனு மூழ்கிடலாம்னு இருப்பானுங்க. உன் கொழுந்தன் கிட்ட கேளு, கதைல ஓட்டை இருக்குன்னு பெக் சொன்னாள்னு எழுது."

எழுதிவிட்டேன். கேட்கிறேன், எப்போது கற்றார்? யார் கற்றுக்கொடுத்தது? அடுத்த கடிதத்தில் என்ன ஆகிறது என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஆனால் தம்பி, பீரங்கியும் கத்தியும் இருக்கட்டும். அவர் வாயால் சொன்னது ஒன்றாவது எழுது. உன் ஐம்பதில் இந்தத் தடவை அவருடைய ஐந்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

டார்கஸ்

*

கார்லைல் விரிகுடா, பார்படாஸ்,
10 செப்டம்பர் 1808

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

இந்தக் கடிதம் வரும்போது உங்கள் கையில் குழந்தை இருக்கும். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம்.

பெக் அம்மாளிடம் சொல்லுங்கள், ஓட்டை அடைபட்டது. பார்படாஸில் ஒரு மீனவனிடம் அண்ணன் நீச்சல் கற்றுக்கொண்டார். முதலில் தண்ணீரைக் கண்டு மிரண்டார். அந்த மீனவன் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, வானத்தைப் பார்க்கச் சொல்லி, மெதுவாகக் கையை எடுத்துவிட்டான். அப்படியே மிதந்தார். பிறகு கையை வீசினார். இப்போது கப்பலைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கிறார். இது நிச்சயம். இதில் சந்தேகமே வேண்டாம்.

மற்ற சேதி. சூறாவளியில் படகு ஒன்று கவிழ்ந்து அண்ணனும் இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரன் கரையில் ஒதுங்கினார்கள். கரும்பாலையில் ஒளிந்திருந்தார்கள். அங்கே வாத்துகள்! நீங்கள் கேட்டீர்களே, உண்டு. துப்பாக்கிச் சிப்பாய்களுக்கு அசையாத மனிதர் ஒரு வாத்துக்குப் பயந்து வெல்லப்பாகு அண்டாவுக்குள் இறங்கிவிட்டார். அதனாலேயே சிப்பாய்கள் கண்ணில் படவில்லை. திரும்பி வந்ததும் கேப்டன் முன்னால் நின்று, தாய்நாடு, கடமை, அன்பு மனைவி என்று நீண்ட நேரம் பேசினார். அதிகாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெண் குழந்தை என்றால் மெர்சி என்று பெயர் வைக்கச் சொன்னார்.

தங்கள் தம்பி,
நேதன்

*

கோஸ்போர்ட்,
20 நவம்பர் 1808

அன்புத் தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. அக்டோபர் மாதம் பெண் பிறந்தாள். முழு மாதம், முழு உடம்பு. அவள் போட்ட சத்தத்தில் பூக் அம்மாள் சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மெர்சி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் உங்கள் பக்கத்திலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. மருத்துவமனைத் துணி மலையாகக் குவிந்தது. அதனால்தான் இடையில் எழுதவில்லை.

உன் கதையைச் சலவைக்கூடத்தில் படித்தேன். வாத்து வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பெக் நீச்சலைப் பற்றி இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு குறை. கேப்டன் முன்னால் நின்று அவ்வளவு நேரம் பேசினாரே, அது அவர் இல்லை. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்கே அவர் தலையைத்தான் ஆட்டினார்.

இனிமேல் சண்டை வேண்டாம் நேதன். படகு கவிழ வேண்டாம், கத்தியைப் பல்லில் கடிக்க வேண்டாம். அவர் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதை எழுது. பிஸ்கட்டை மேசையில் தட்டிப் புழுவை உதிர்ப்பாரே, அதை எழுது. காலணியைக் கழற்றும்போது தனக்குத்தானே ஏதோ முனகுவாரே, அதை எழுது. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நீ ஒழுங்காகச் சாப்பிடு. தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்காதே.

உன் அண்ணி

*

கார்லைல் விரிகுடா,
22 ஜனவரி 1809

அன்புள்ள அண்ணிக்கு,

மெர்சிக்கு அவள் சித்தப்பாவின் முத்தங்கள். கடிதத்தைப் பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். முழு மாதம், முழு உடம்பு என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாய் தைக்கும் கிழவர், "என்னடா, அழுவுறியா சிரிக்கிறியா?" என்றார். எனக்கே தெரியவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகு உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்றை வைத்திருந்தேன். அது இருக்கட்டும். நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் தட்டைத் தன் பக்கம் இழுத்து இடது கையால் அணைத்துக்கொள்வார். சின்ன வயதில் நாங்கள் ஏழு பேர், யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்ற பழக்கம். பட்டாணிக் கூழில் உப்பிறைச்சியை அமுக்கி மறைத்துவிட்டு, கூழை முதலில் சாப்பிடுவார், இறைச்சி கடைசி. அந்த இறைச்சியில் பாதியைப் பேசாமல் என் தட்டில் போடுவார். நான் வேண்டாம் என்றால் மூக்கைச் சுருக்குவார், அவ்வளவுதான். பிஸ்கட்டைத் தட்டுவது மேசையில் இல்லை, முழங்காலில். உதிர்ந்த புழுவைப் பார்த்து, "போ" என்பார். காலணியைக் கழற்றும்போது முனகுவது என்ன என்று எனக்கும் தெரியாது. எங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

மெர்சி பிறந்த சேதியைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

மார்ட்டினீக் தீவைப் பிடிக்கப் பெரிய படை கிளம்புகிறது. நாங்களும் போகிறோம். அது முடிந்ததும் அண்ணனை ஊருக்கு அனுப்புவதாகப் பேச்சு இருக்கிறது. கோடையில் ஒரு நாள் கதவைத் தட்டினாலும் தட்டுவார். ஆமை ஓட்டுச் சீப்பு வாங்கி வைத்திருக்கிறார் உங்களுக்கு.

நேதன்

*

கோஸ்போர்ட்,
2 ஏப்ரல் 1809

என் அன்புத் தம்பி,

மார்ட்டினீக் நம் கைக்கு வந்துவிட்டது என்று இங்கே மணி அடித்தார்கள். நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமலே இதை எழுதுகிறேன். இருக்க வேண்டும். மெர்சி நலம், இரண்டு பல் வந்துவிட்டது.

நேதன், போதும். அவரைச் சாப்பிட வைத்தாய், தொப்பியைக் கழற்ற வைத்தாய், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கதவைத் தட்டுவார் என்று எழுதிவிட்டாய். இனி என்னால் ஆகாது. இப்போதெல்லாம் பால்காரன் தட்டினாலும் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறேன். என் சைலஸ் செத்துவிட்டார். எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் வந்த மருத்துவமனைத் துணியில் ஒரு நீலச் சட்டை இருந்தது. பெக் தான் எடுத்தாள். உள்ளே மஞ்சள் பூ. அவள் அதைச் சட்டென்று மற்ற துணிக்கு அடியில் தள்ளினாள். நான் பார்த்துவிட்டேன். என் பாவாடை எனக்குத் தெரியாதா? என் தையல் தெரியாதா?

மருத்துவமனை வாசலில் போய்க் கேட்டேன். அதைப் போட்டிருந்தவன் ஆம்ப்ரோஸ் கீட், ஒரு கை போனவன். உங்கள் கப்பல்காரன்.

"இந்தச் சட்டை உனக்கு ஏது தம்பி?"

"பாய்மரத்தடியில வாங்கினேன்மா."

அவன் சாதாரணமாகச் சொன்னான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. கப்பலில் செத்தவனின் துணிமணியைத்தான் பாய்மரத்தடியில் ஏலம் விடுவார்கள் என்று இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். "நல்ல மனுஷனோட சட்டைமா, அதான் எல்லாரும் ஏத்தி ஏத்திக் கேட்டோம்" என்றான். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். அழுதால் இதுவும் போய்விடும் என்று பயந்து அழவே இல்லை. மெர்சி பிறந்த பிறகு அழலாம் என்று வைத்திருந்தேன். பிறந்த பிறகு உன் கடிதம் வந்தது. அதில் அவர் வாத்துக்குப் பயந்து அண்டாவுக்குள் இறங்குகிறார். நான் எப்படி அழுவேன்?

சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கு எல்லோரும் அங்கேதானே இருந்தார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், "படிக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். பெக்கின் புருஷன் போன கப்பல் திரும்பவே இல்லை, உனக்குத் தெரியும், சட்டைகூட வரவில்லை. அவள்தான் சொன்னாள்: "படி. ஒருத்தனாவது சாகாம இருக்கட்டுமே."

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் சொல்லிவிட்டால் அந்தத் தண்ணீர் நடுவில் நீ ஒற்றை ஆளாக அவரைப் புதைக்க வேண்டும். கதை எழுதுகிற வரைக்கும் உனக்கும் அண்ணன் இருப்பான் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உள்ளதை எழுது. வீரம் வேண்டாம். எப்படிப் போனார், என்ன சொன்னார், எங்கே கிடக்கிறார். அவருடைய ஐந்து வார்த்தையை எனக்குக் கொடு.

டார்கஸ்

*

இங்கிலீஷ் ஹார்பர்,
4 ஜூன் 1809

அண்ணி,

நான் உயிரோடு இருக்கிறேன். கையில் ஒரு காயம், ஆறிவிட்டது. உங்களுக்கும் மெர்சிக்கும் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உள்ளதை எழுதுகிறேன். அண்ணன் போன வருடம் ஏப்ரல் கடைசியில் போய்விட்டான். மஞ்சள் காய்ச்சல். எந்தப் பிரெஞ்சுக்காரனையும் அவன் பார்க்கக்கூட இல்லை. கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன், தலை வலிக்குது என்று உட்கார்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என்னை அடையாளம் தெரியவில்லை. தெளிவாகப் பேசியது ஒரு தடவைதான். கப்பலுக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. அவன் கண்ணைத் திறந்து, "மழ வருது. டார்கஸ துணிய எடுக்கச்சொல்லு" என்றான். சொல்கிறேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

உங்கள் கடிதம் வந்தபோது அவன் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன. குழந்தை உண்டானது அவனுக்குத் தெரியாது. இதைத்தான் என்னால் எழுத முடியவில்லை அண்ணி. கடிதத்தில் பூக் அம்மாள் சொன்னதைப் படித்தேன், எப்படி எழுதுவேன்? கப்பலின் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்து உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். ஒரு வரி விடவில்லை. அவன் எதுவும் பேசவில்லை. அது மட்டும் நான் பொய்யாக எழுதவில்லை.

சட்டையை ஏலம் விட்டபோது நான் கேட்கவில்லை. சொந்த ரத்தம் ஏலம் கேட்பது வழக்கமில்லை. கீட் அதைப் போட்டுக்கொண்டு உங்கள் கொப்பரைக்கே வருவான் என்று யார் கண்டது?

இன்னொன்று இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாய் தைக்கும் கிழவருக்கும் அப்போது காய்ச்சல். அண்ணனைத் தொங்குபடுக்கைத் துணியில் வைத்துத் தைக்க என்னைக் கூப்பிட்டார்கள். காலடியில் குண்டு இரண்டு வைத்து, கால் பக்கமிருந்து தைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசித் தையல் மூக்கில். ஊசி மூக்கைத் துளைத்து வர வேண்டும். உயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் ஆள் துள்ளிவிடுவான். துள்ளவில்லை என்றால்தான் நிச்சயம். எந்தக் கப்பலிலும் இதுதான் முறை. நான் மூக்கு வரைக்கும் வந்தேன். இறைச்சியை எனக்குத் தள்ளிவிட்டு அவன் சுருக்குகிற மூக்கு அது. என்னால் குத்த முடியவில்லை. வெறும் துணியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஜெபம் சொன்னார்கள், பலகையைச் சாய்த்தார்கள், போய்விட்டான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. செத்துத்தான் இருந்தான், எனக்குத் தெரியும். உடம்பு குளிர்ந்திருந்தது. ஆனால் நான் நிச்சயம் பண்ணவில்லையே. ஒருவேளை தண்ணீர் பட்டதும் முழித்திருந்தால்? துணிக்குள் கை கால் அசைத்திருந்தால்? அவனுக்கு நீச்சல் தெரியாதே அண்ணி. அவனை விட்ட மூன்று வாரத்தில் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வேறு எதுவும் எழுத வரவில்லை. அவன் அடியில் போய்க் கயிற்றை அறுத்தான், மேலே வந்தான், நீந்தினான் என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் தூங்கினேன்.

பெக் அம்மாள் சொன்னது சரி. கதையில் ஓட்டை அங்கேதான்.

நேதன்

*

கோஸ்போர்ட்,
6 ஆகஸ்ட் 1809

என் தம்பி நேதனுக்கு,

மெர்சி எழுந்து நிற்கிறாள், உடனே விழுகிறாள். நான் நலம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாக அழுதேன். ஒரு வருடமாக வைத்திருந்ததை அழுது தீர்த்தேன்.

துணியை எடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல். உங்கள் கப்பல் ஓரத்தில் நின்று சொல்.

உன் கடிதத்தை எனக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனம் கேட்கவில்லை. இத்தனை நாள் கூடவே கேட்டவர்கள், முடிவையும் கேட்கட்டும் என்று கொண்டு போனேன். மழை வருது என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஆனாலும் விடாமல் படித்தேன். மூக்குத் தையலையும் படித்தேன். இங்கே இருக்கிற எல்லோருக்கும் அந்த வழக்கம் தெரியும். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். அந்த மூக்கை நீ குத்தியிருந்தால்தான் உன்னை மன்னித்திருக்க மாட்டேன்.

அவனுக்கு நீச்சல் தெரியாதே என்ற வரியையும் படித்தேன். பெக் துணி கிளறுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"டார்கஸ்."

"என்ன பெக்?"

"அவனுக்கு எழுது. நான் சொல்றத அப்படியே எழுது. சைலஸ் நல்லாவே நீந்துவான். படகுத்துறையில விழுந்தப்ப நான் கம்ப நீட்டினேன், அவன் அதத் தொடவே இல்ல. தானே நீந்திக் கரைக்கு வந்தான். நான்தான் கிழவி, பெருமைக்காகக் கத அளந்துட்டேன். எழுதினியா?"

"எழுதுறேன்."

"நாங்க எல்லாருமே பாத்தோம்னு எழுது."

அன்றைக்குப் படகுத்துறையில் நானும் இருந்தேன், தம்பி. கம்பு, காலர், அவர் கக்கிய தண்ணீர், எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. இருந்தாலும் பெக் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு எழுதத் தெரியாது. துணி பிழிந்த கையோடு ஒவ்வொருத்தியாக வந்து சாட்சிக்குக் குறி போட்டிருக்கிறார்கள். மை கொஞ்சம் கலைந்திருக்கும். கடைசியில் இருப்பது என்னுடையது.

இனித் தூங்கு.

✕ ✕ ✕ ✕ ✕ ✕

டார்கஸ் ஹோர்வுட்